கண்ணகியை ஏன் கும்பிடுகிறோம் என்று கேட்ட பெறாமகளுக்கு

அன்புள்ள பிள்ளை,

"புருஷன் விட்டிட்டுப் போயும் பொறுத்துக்கொண்டிருந்த ஒரு பொம்பிளை. அவளை ஏன் சின்னம்மா அம்மன் எண்டு கும்பிட வேணும்?" என்று கேட்டிருந்தாய். வாட்ஸ்அப்பில் இரண்டு வரியில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை இது. உன்னைப்போலக் கொழும்பில் பிறந்து வளர்ந்த மற்றப் பிள்ளைகளுக்கும் இந்தக் கேள்வி இருக்கும். அதனால் எல்லாரும் வாசிக்கும்படியாகவே எழுதுகிறேன்.

பாடப்புத்தகம் உனக்குக் கற்புக்கரசியைக் காட்டியது. வன்னியில் நாங்கள் அறிந்தவள் வேறு. மதுரை எரிந்த பிறகு அவள் எங்கே போனாள் என்பதில்தான் எங்கள் கதை தொடங்குகிறது. இளங்கோ அவளைச் சேரநாட்டு மலையில் வேங்கை மரத்தடிக்கு அனுப்பிவிடுகிறார். ஊர்க்கதையிலோ அவள் கடல் கடந்து இலங்கைக்கு வருகிறாள். கோபம் ஆறாமல் இடம் இடமாகத் தங்கித் தங்கி வந்தவள் பத்தாவதாகத் தங்கிய இடம் முல்லைத்தீவு வற்றாப்பளை.

நந்திக்கடல் கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பொடியள் ஒரு கிழவியைக் காண்கிறார்கள். பசிக்குது என்கிறாள், பொங்கிக் கொடுக்கிறார்கள். பொழுதுபடுகிறது, விளக்கு வை என்கிறாள். எண்ணெய் இல்லையே ஆச்சி என்றால், கடல் தண்ணியை விட்டு ஏற்று என்கிறாள். ஏற்றுகிறார்கள், எரிகிறது. பிறகு, தலை கடிக்குது, பேன் பார்த்துவிடு என்று குனிகிறாள். முடியை விலக்கினால் தலை முழுக்கக் கண்கள். பொடியள் திகைத்து நிற்க, கிழவியைக் காணவில்லை.

ஒரு நகரத்தையே எரித்தவள் கேட்டதெல்லாம் ஒரு கவளம் சோறு, கொஞ்ச வெளிச்சம், தலையைத் தடவ ஒரு கை. அவளுக்குக் கிடைத்ததும் மாட்டுக்காரப் பிள்ளைகளின் கை. உலகத்து அம்மன் கதைகளில் எனக்கு இதைவிடப் பெரிய கதை இல்லை. அரக்கனை வெட்டியவளைக் கும்பிடப் பயம் போதும். இவளைக் கும்பிட இரக்கம் வேணும்.

வைகாசிப் பொங்கல் முழுக்க அந்த மாலைப்பொழுதைத்தான் ஊர் திரும்பச் செய்கிறது. பூசைக்குப் பாக்குச் சேகரிக்கும் பாக்குத் தெண்டலோடு தொடங்கும். பிறகு சிலாவத்தைத் தீர்த்தக்கரையில் கடல்நீர் எடுத்து முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். அந்த உப்புநீரில்தான் ஒரு கிழமை விளக்கு எரியும். அங்கே ஒரு பொங்கல். அடுத்த நாள் திங்கட்கிழமை, மடைப்பண்டம், அதாவது படையல் பொருட்கள், வற்றாப்பளைக்குப் போகும். காவடி, பாற்செம்பு, விடிய விடியப் பொங்கல் பானைகள். 2009இல், போரின் கடைசி நாட்களில், அந்த நந்திக்கடலில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். எல்லாவற்றையும் இழந்து திரும்பிப் போன சனம் மறுபடியும் அந்தக் கரையில் அடுப்பு மூட்டியது. ஆறாத துயரம் உள்ளவர்களுக்கு ஆறாத கோபக்காரி ஒருத்தி தெய்வமாக இருப்பது எவ்வளவு பெரிய துணை, பிள்ளை!

மட்டக்களப்புப் பக்கம் போனால் இதுவே குளிர்த்தி. தம்பிலுவில், காரைதீவு, செட்டிபாளையம் என்று ஊர் ஊராக வைகாசியில் கதவு திறந்து, பூசாரியான கப்புகனார் பூசை செய்து, அவள் கதையைப் பாடும் கண்ணகி வழக்குரையைப் படித்து, கடைசியில் குளிர்த்தி பாடி அவளைக் குளிரப்பண்ணுவார்கள். அவள் தண்டிக்கட்டும் என்று அங்கே ஒருவரும் வேண்டுவதில்லை. ஆறிவிடு தாயே என்பதுதான் மன்றாட்டு.

இவள் அம்மனே இல்லை என்று சொன்னவர்களும் நம்மவர்கள்தான். 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர், சமணச் செட்டிச்சியைச் சைவர் வணங்குவதா என்று கடிந்தார். யாழ்ப்பாணத்தில் பல கண்ணகி கோயில்கள் இராஜராஜேஸ்வரி, புவனேஸ்வரி என்று பெயர் மாறின. நாவலர் செய்த மற்றத் தொண்டுகளுக்கு நான் தலை வணங்குகிறேன். இதில் மட்டும் அவரோடு என்னால் உடன்பட முடியாது.

சிங்களச் சனம் அவளைக் கைவிடவே இல்லை. கண்டிப் பெரஹராவில் ஊர்வலம் வரும் நான்கு தேவாலயங்களில் ஒன்று அவளுடையது, அவர்கள் வாயில் அவள் பத்தினி தெய்யோ. கயவாகு மன்னன் இலங்கையில் அவளுக்குக் கோட்டம் எடுத்து ஆடி மாதத்தில் விழா எடுத்தான் என்று சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரை சொல்கிறது. அந்தப் பெரஹராவும் ஆடியை ஒட்டியே வருகிறது. பத்தினி மாங்கனியில் பிறந்து பாண்டியனின் மூன்றாவது கண்ணை அவித்தாள் என்பார்கள் அவர்கள். மட்டக்களப்பு வழக்குரையிலும் அந்த மாங்கனி உண்டு, இளங்கோவில் இல்லை. இரண்டு சனமும் ஒருவரிடமிருந்து ஒருவர் கேட்டு வளர்த்த கதை அது.

சின்னனில் உனக்குக் கொப்புளிப்பான் வந்தது நினைவிருக்குமோ தெரியாது. எங்கள் வெள்ளவத்தை பிளட்டில் வேப்பிலை எங்கே எடுப்பது என்று அம்மா தவித்தபோது, கொத்துக் கொத்தாகக் கொண்டுவந்து கதவில் செருகியவ கீழ் வீட்டுச் சிங்கள அம்மா. நாங்கள் அம்மாள் வருத்தம் என்றோம், அவ தெய்யங்கே லெடே, தெய்வத்தின் வருத்தம், என்றா. உனக்குத் தண்ணி வார்த்த பிறகு ஏழு பெண்களைக் கூப்பிட்டுப் பாற்சோறு வைத்துக் கிரி அம்மா தானம் கொடுத்தா. உன் அம்மாவும் அந்த எழுவரில் ஒருத்தியாக இருந்து சாப்பிட்டா.

ஒன்று மட்டும் உன் கேள்விக்கு நேராகவே சொல்கிறேன். பொறுத்துக்கொண்டிருந்தவள் என்று எழுதியிருந்தாய். பொறுத்தது உண்மைதான், நானும் அந்தப் பகுதியைச் சந்தோஷமாக வாசித்தவளில்லை. ஆனால் அதற்காக ஒருவரும் அவளுக்குக் கோயில் கட்டவில்லை. அரச சபையில் தனியாக நின்று "தேரா மன்னா" என்று தொடங்கி, சிலம்பை உடைத்து, நீ கொன்றது பிழை என்று அரசன் வாயாலேயே ஒப்புக்கொள்ள வைத்தவளுக்குத்தான் கட்டினார்கள். கையில் ஒற்றைச் சிலம்போடு நீதி கேட்டுப் போன பெண்ணை, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு வருஷக்கணக்காக றோட்டில் இருக்கும் நம் தாய்மாருக்கு நன்றாகத் தெரியும்.

வைகாசிக்கு வற்றாப்பளைக்குப் போவோம், நான் உன்னைக் கூட்டிக்கொண்டு போகிறேன். அதற்கு முதல் ஒரு சனிக்கிழமை நவகமுவ பத்தினி தேவாலயத்துக்கு வா. கடுவெல தாண்டிக் கொஞ்சத் தூரம், கொழும்பிலிருந்து பஸ் இருக்கிறது. புதனும் சனியும் அங்கே கெம்முர நாள், விசேஷ பூசை. கீழ் வீட்டு அம்மாவையும் கேட்டுவிட்டேன், அவவும் வாறா.

அன்புடன்,
சின்னம்மா
வெள்ளவத்தை