மணியின் ராத்திரிகள்

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. அத்தையின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. தங்கை விஷயத்தில் நீ எடுத்த முடிவு சரிதான், மறுபடி குழப்பிக்கொள்ளாதே. வாத்தியார் இன்னும் அதே சைக்கிளில்தான் வருகிறாரா? நாலு பக்கத்தில் மூணு பக்கம் உன் நாய் மணி ராத்திரி எழுந்து நடந்து கத்துவதைப் பற்றியே புலம்பியிருக்கிறாய், நானும் நேராக அதற்கே வருகிறேன்.

12 வயது நாய்க்குத் திமிர் ஏறிவிட்டது என்று எழுதியிருக்கிறாயே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இத்தனை வருஷம் ராத்திரியில் சத்தம் காட்டாமல் கிடந்தவன், வயசான காலத்தில் எழுந்து வீடு முழுக்க நடக்கிறான் என்றால் அவனுக்கு என்னவோ முடியவில்லை. குட்டி முனகுவது வேறு கணக்கு. தனியாகக் கிடக்கிற பயம், முட்டிக்கொண்டு வருகிற மூத்திரம், பெரும்பாலும் இந்த இரண்டுதான். கட்டிலுக்குப் பக்கத்தில் படுக்கவைத்து, நடுராத்திரி ஒருமுறை வெளியே விட்டுக் கூட்டிவந்தால் தானாக அடங்கிவிடும். கிழவன் அப்படியில்லை. "கதவைச் சாத்து, கத்தி ஓயட்டும்" என்று உன் மாமா சொன்னதைத் தயவுசெய்து கேட்காதே. வலியில் கத்துகிறவனை அப்படி விட்டால் வலி போகாது, உன்னைக் கூப்பிடுவதைத்தான் நிறுத்துவான்.

அரிப்புக்கு ஒரு மாத்திரை கொடுப்பதாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். என்ன மாத்திரை? அட்டையைத் திருப்பிப் பார். பிரெட்னிசோலோன் மாதிரி ஸ்டீராய்டாக இருந்தால் தாகம், அடிக்கடி மூத்திரம், மூச்சிரைப்பு, நிலைகொள்ளாமை எல்லாமே அதனாலேயே வரும். ராத்திரி சாப்பாட்டோடு கொடுக்கிறாய் என்றால் காலைக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேள். நீயாக மட்டும் நிறுத்திவிடாதே. பல நாள் கொடுத்த ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

அடுத்தது, ஒரு நோட்டு போடு. ஒரு வாரத்துக்கு, எத்தனை மணிக்கு எழுந்தான், எழுந்ததும் முதலில் என்ன செய்தான், எப்போது மறுபடி படுத்தான் என்று எழுதி வை. எழுந்ததும் செய்கிற அந்த முதல் காரியத்தில்தான் துப்பு இருக்கிறது.

நேராகத் தண்ணீர்க் கிண்ணத்துக்குப் போகிறானா? அப்படியானால் அளந்து பார். காலையில் அளந்து ஊற்று, மறுநாள் அதே நேரத்தில் மிச்சத்தை அளந்து கழி. ஒரு நாளில் உடல் எடையில் கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல் குடித்தால் அது அதிகம், 20 கிலோ நாய்க்கு 2 லிட்டர். சிறுநீரகம், சர்க்கரை, ஹார்மோன் கோளாறு எதுவாகவும் இருக்கலாம், ரத்தமும் சிறுநீரும் சோதித்தால்தான் தெரியும். ராத்திரி மூத்திரம் போகிறான் என்று கிண்ணத்தை எடுத்து ஒளித்துவைக்காதே. சிறுநீரகம் கெட்ட நாய்க்குத் தண்ணீரை மறுத்தால் நிலைமை சட்டென்று மோசமாகும்.

படுக்கப் போய்ப் பாதியில் நின்று, சுற்றிச் சுற்றி வந்து, மெல்ல இறங்கி, கொஞ்ச நேரத்தில் மறுபடி எழுகிறானா? மூட்டு வலியைச் சந்தேகப்படு. பகலில் நடமாட்டத்தில் தெரியாத வலி, அசையாமல் படுத்து மூட்டு இறுகும்போது வெளியே வரும். அவனுடைய மெத்தையை உள்ளங்கையால் அழுத்திப் பார், தரை தட்டினால் அது போதாது. மெத்தையிலிருந்து வாசல் வரை வழுக்காத விரிப்பு போடு, வழவழப்பான தரையில் எழுந்திருப்பதே அவனுக்குப் பெரும்பாடு. வீட்டில் இருக்கிற வலி மாத்திரையில் பாதி கொடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். கூடவே கூடாது. இபுபுரூஃபன் நாய்க்கு வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாரசிட்டமால் கல்லீரலைத் தாக்கும். நாய்க்கென்று தனி வலி மருந்து இருக்கிறது, எடை பார்த்து டாக்டர் தருவார்.

தண்ணீரும் வேண்டாம், வலியும் தெரியவில்லை, ஆனால் மூலையில் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான், கதவின் கீல் பக்கம் போய்த் திறக்கக் காத்திருக்கிறான், பகலெல்லாம் தூங்குகிறான் என்றால் மூளை தளர்கிறது. மனிதர்களுக்கு வருகிற மறதி நோய் மாதிரிதான். இதை உறுதிசெய்யத் தனிச் சோதனை கிடையாது, மற்ற நோய்களெல்லாம் இல்லை என்று கழித்த பிறகே டாக்டர் இந்த முடிவுக்கு வருவார். மாத்திரை உண்டு, முழுசாகக் குணமாகாது. பகலில் வெளிச்சத்தில் நடத்திக் கூட்டிப்போ, சாப்பாட்டைத் துண்டு துண்டாக ஒளித்துவைத்து மோப்பம் பிடித்துத் தேடவிடு. சாப்பாடும் கடைசி மூத்திர நடையும் தினமும் ஒரே நேரத்தில் இருக்கட்டும். ராத்திரி சின்ன விளக்கு எரியட்டும், நாற்காலி மேஜையை இடம் மாற்றாதே.

விடிகாலையில் மட்டும் எழுந்து மஞ்சள் நுரையாக வாந்தி எடுத்தால் பெரும்பாலும் வெறும் வயிறு. ராத்திரிச் சாப்பாட்டில் கொஞ்சம் எடுத்துவைத்துப் படுக்கும்முன் கொடு. வாந்தி தொடர்ந்தால் டாக்டரிடம் சொல்.

இரண்டு விஷயத்தில் விளையாட்டே கூடாது. வயிறு உப்பி, வாந்திக்குக் குமட்டி ஒன்றும் வெளியே வராவிட்டால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காதே, அந்த ராத்திரியே தூக்கிக்கொண்டு ஓடு. இன்னொன்று மூச்சு. நன்றாகத் தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு முறையாகக் கணக்கிட்டு 30 வினாடி எண்ணி, இரண்டால் பெருக்கு. நிமிஷத்துக்கு 30க்குள் இருக்க வேண்டும். திரும்பத் திரும்ப அதைத் தாண்டினால் இதயமோ நுரையீரலோ, அன்றைக்கே காட்டு.

அதுவரை அவன் எழுந்தால் விளக்கையெல்லாம் போட்டு எல்லோரையும் எழுப்பாதே. கயிறு போட்டு வெளியே கூட்டிப்போ, மூத்திரம் போகட்டும், தின்ன எதுவும் கொடுக்காதே, ஒரு தடவை தடவிக்கொடுத்துப் படுக்கவை. திட்டாதே. நீ திட்டினால் அவனுக்குக் குழப்பம்தான் கூடும்.

டாக்டரிடம் போகும்போது நோட்டு, தண்ணீர்க் கணக்கு, அவன் நடப்பதைப் போனில் எடுத்த வீடியோ, சுத்தமான டப்பாவில் பிடித்த அன்றைய முதல் மூத்திரம் நாலையும் கொண்டுபோ. டாக்டர் அறையில் அவன் சமர்த்தாக நிற்பான், வீடியோ இல்லாவிட்டால் நீ சொல்வதை நம்புவது கஷ்டம்.

மாத்திரை அட்டையை இன்றைக்கே போட்டோ எடுத்து அனுப்பு. தண்ணீர்க் கணக்கை நாளைக் காலையிலிருந்தே தொடங்கு, டாக்டரைப் பார்க்கிற நாளுக்காகக் காத்திருக்காதே.

அன்புடன்,
உன் நண்பன்