உன் அம்மா வீட்டு மேல் தாழ்ப்பாள்

மாதுங்கா, மும்பை

அன்புள்ள விஜி,

இங்கே எல்லோரும் நலம். உன் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் நலம்தானே? பொங்கலுக்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை என்று நீ சடைத்துக்கொள்வாய். அதை நேரில் வைத்துக்கொள். இப்போது சொல்ல வேண்டியது வேறு.

போன வாரம் தாணேயில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு லோக்கலில் திரும்பினோம். மாதுங்காவில் இறங்க இவர் கையை மேலே நீட்டுகிறார், தட்டில் பை இல்லை. பணம் பெரிதாக இல்லை. வீட்டுச் சாவிக்கொத்து அதில் இருந்தது. கூடவே மின்சார பில், அதில் கதவு எண்ணோடு முழு முகவரி. மற்றொரு சாவி புனேயில் பையனிடம். ரயில்வே போலீசில் புகார் எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, இரவில் எங்கள் வாசலிலேயே அந்நியரைப் போல நின்றோம்.

வாட்ச்மேன்தான் சாவிக்காரரை அழைத்து வந்தார். கைபேசியில் இவருடைய ஆதாரைப் பார்த்தார், சொசைட்டி செயலாளரை மாடியிலிருந்து இறங்கி வரச் சொன்னார், அதன் பிறகுதான் பெட்டியைத் திறந்தார் அந்த மனிதர். எனக்கு அங்கேயே அவர்மேல் மரியாதை வந்துவிட்டது. வெளி கிரில் கதவில் தொங்கிய பூட்டை ஆக்சா பிளேடால் அறுத்தார். உள் கதவில் இருப்பது நைட் லாட்ச், சாத்தினாலே தானாகப் பூட்டிக்கொள்ளும் பூட்டு. அதை உடைக்கவே இல்லை. வெட்டாத வெற்றுச் சாவி ஒன்றை நுழைத்து அழுத்தித் திருப்புவார், உருவுவார், டியூப்லைட்டுக்கு நேரே சாய்த்துப் பார்ப்பார். பூட்டுக்குள் தடுக்கும் ‘பின்’ என்கிற சிறு கம்பி, சாவியின் பித்தளையில் ஊசிமுனை அளவுக்கு ஒரு தடம் வைத்திருக்கும். அந்த இடத்தில் மட்டும் அரத்தால் இரண்டு இழுப்பு. மறுபடி நுழைப்பார். தடம் விழுவது நிற்கும்வரை இதே வேலை. கடைசியில் சாவி ஒரு சத்தமும் இல்லாமல் திரும்பியது. திண்டுக்கல்லுக்கு வாழ்க்கைப்பட்ட நாளிலிருந்து மாங்காய்ப் பூட்டின் பெருமையைப் பேசிக்கொண்டிருக்கிறாயே, 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எனக்கு இனிப்பு வேறு அனுப்பினாயே, இந்தக் கையை நீ பார்த்திருக்க வேண்டும்!

பூட்டு முழுவதையும் மாற்றத் தேவையில்லை, சாவி நுழையும் சிலிண்டரை மட்டும் மாற்றினால் போதும் என்றார். கதவின் உட்புறத்தில் இரண்டு திருகு; கழற்றினால் சிலிண்டர் வெளிப்பக்கமாகக் கையில் வந்துவிடுகிறது. மறுநாள் காலையிலேயே மாற்றிவிட்டோம். திருடியவனிடம் இருக்கும் கொத்து இனி வெறும் இரும்பு.

இனிதான் விஷயம். அன்று இரவு படுத்தவள் தூங்கவில்லை. எங்கள் வீட்டுக்குள் யாரும் இல்லை, அதனால் அவர் நிதானமாக அரம் போட முடிந்தது. உன் அம்மா?

சயானில் எண்பது வயதில் தனியாக இருக்கிறார். இருட்டியதும் கிரில் கதவு, உள் கதவின் பூட்டு, மேல் தாழ்ப்பாள், கீழ் தாழ்ப்பாள், சங்கிலி என்று ஒன்றுவிடாமல் போட்டுக்கொள்கிறார். ஒரு சாவி இடுப்பில், இன்னொன்று அரிசி டப்பாவில். இரண்டும் வீட்டுக்குள்ளேயே! குளியலறையில் வழுக்கி விழுந்தால் எந்தச் சாவிக்காரர் வந்து என்ன செய்வார்? தாழ்ப்பாளுக்குச் சாவித்துவாரம் ஏது? 101க்குப் போன் செய்து தீயணைப்புப் படையினர் வந்து கதவைப் பெயர்க்க வேண்டும். அதற்கும் முதலில் யாருக்காவது தெரிய வேண்டுமே. கோபி அண்ணா வீட்டில் நடந்ததை நாம் இருவரும் பார்த்தோம். அதை நான் திரும்ப எழுதப் போவதில்லை.

பழைய கட்டடத்தில் பரிமளா மாமி வீட்டு ஆணியில் மாடி முழுவதன் சாவியும் தொங்கியது. கட்டடத்தை இடித்துப் பல மாடிக் கோபுரமாக எழுப்பினார்கள், ஆணியும் போயிற்று, மாமியும் போய்விட்டார். இப்போது எதிர் வீட்டில் யார் என்றே உன் அம்மாவுக்குத் தெரியாது. இது எனக்குப் பொறுக்கவில்லை, விஜி.

சாவிக்காரரிடம் விசாரித்துவிட்டேன். உள்ளிருந்து குமிழைத் திருகிப் பூட்டி, வெளியிலிருந்து சாவியால் திறக்கும் பூட்டு ஒன்று போதும். இரண்டு பக்கமும் சாவி போடும் வகை வேண்டாம். உள்பக்கம் சாவியைச் செருகியே விட்டுவிட்டால், சாதாரண சிலிண்டரில் வெளிச்சாவி வேலை செய்யாது. கிரில் கதவுக்கும் அதே ஏற்பாடு. மேல், கீழ்த் தாழ்ப்பாள்களைக் கழற்றிவிட வேண்டும். குளியலறைக்கு, வெளியிலிருந்து நாணயத்தை வைத்துத் திருப்பித் திறக்கும் பூட்டு வருகிறது, அது. சாவி ஒன்று என்னிடம், ஒன்று கீழ்மாடி டாக்டரம்மாவிடம்.

தாழ்ப்பாளைக் கழற்ற அம்மா லேசில் சம்மதிக்க மாட்டார். தாழ்ப்பாள் இல்லாமல் எப்படித் தூங்குவது என்று கேட்பார், அந்தப் பயம் நியாயமானதுதான். அதனால் புதுப் பூட்டை முதலில் போடுவோம். ஒரு வாரம் அவரே திருகிப் பார்க்கட்டும், நம்பிக்கை வந்த பிறகு தாழ்ப்பாளைத் தொடுவோம். உன் அண்ணன் செலவுக்கு முகம் சுளித்தால் என்னிடம் பேசச் சொல்.

சனிக்கிழமைக்குள் அம்மாவிடம் பேசிவிடு. ஞாயிறு காலை சாவிக்காரரை அழைத்துக்கொண்டு சயானுக்குப் போகிறேன். கதவின் தடிமன் எவ்வளவு என்று முன்கூட்டியே கேட்டிருக்கிறார். அம்மாவை டேப்பால் அளக்கச் சொல்லி எனக்குத் தெரிவி.

அன்புடன்,
கமலா