குமரி மாவட்டத்தில் மென்பொருள் நிறுவனம் நடத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிறுவனத்தாருக்கு,

வணக்கம். நாகர்கோவில், மார்த்தாண்டம், தக்கலை என்று நம் மாவட்டத்தில் பத்துப் பதினைந்து பேரை வைத்துக்கொண்டு மென்பொருள் செய்து விற்கும் உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். ரப்பர் வியாபாரிக்குக் கணக்கு, ஆஸ்பத்திரிக்கு பில்லிங், ஐஸ் பிளான்ட்டுக்கு ஸ்டாக், கல்லூரிக்கு ஃபீஸ் என்று நம் ஊர்த் தேவைகளை அறிந்து செய்கிறீர்கள். படித்த பிள்ளைகள் பலர் திருவனந்தபுரம் டெக்னோபார்க்குக்கு தினமும் ரயிலேறாமல் வீட்டுப் பக்கத்திலேயே வேலை பார்ப்பது உங்களால்தான். அந்த நிறுவனங்கள் நிலைக்க வேண்டும் என்பதால் ஒரு கோரிக்கை வைக்கிறேன். மென்பொருள் செய்யும்போது, பிறர் எழுதி எல்லோரும் எடுத்துப் பயன்படுத்தத் திறந்து வைத்திருக்கும் நிரல் (கோட்) தொகுப்புகளைச் சேர்த்துக்கொள்கிறோம், அவைதான் ஓப்பன் சோர்ஸ் லைப்ரரிகள். நீங்கள் விற்கும் மென்பொருளுக்குள் அப்படி எந்தெந்த லைப்ரரிகள், எந்த வெர்ஷனில், எந்த லைசென்ஸில் (பயன்படுத்தும் நிபந்தனையில்) இருக்கின்றன என்ற பட்டியலை ஒவ்வொரு டெலிவரியின்போதும் எடுத்து வையுங்கள். அதைக் கவனிக்க ஒருவருக்கு நேரமும், "இது சரியில்லை" என்று டெலிவரியை நிறுத்தும் அதிகாரமும் கொடுங்கள்.

ஓப்பன் சோர்ஸ் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். அது இல்லாமல் சின்ன நிறுவனம் எதுவும் ஒரு மாதம்கூட ஓடாது. ஆனால் காசு கேட்காத எல்லாமே நிபந்தனையும் இல்லாதது என்று நம் ஆட்கள் நினைத்துவிடுகிறார்கள். பில்லை பிடிஎஃப் ஆக்க ஜாவாக்காரர்கள் சட்டென்று எடுத்துப் போடும் ஐடெக்ஸ்ட் என்ற லைப்ரரியைப் பாருங்கள். 2009-இல் வந்த ஐந்தாம் வெர்ஷனிலிருந்து அது ஏஜிபிஎல் என்ற லைசென்ஸில் இருக்கிறது. அதைச் சேர்த்து மென்பொருளை விற்றால், உங்கள் சொந்த கோடையும் அதே லைசென்ஸில் வாடிக்கையாளருக்குத் திறந்து கொடுக்க வேண்டும். இல்லையென்றால் காசு கொடுத்து கமர்ஷியல் லைசென்ஸ் வாங்க வேண்டும். ஆன்லைனில் மட்டும் ஓட விடுகிறேன் என்றாலும் ஏஜிபிஎல் விடாது. அதற்காகவே எழுதப்பட்ட லைசென்ஸ் அது. ஐடெக்ஸ்ட்டின் பழைய கோடிலிருந்து பிரிந்து வந்த ஓப்பன்பிடிஎஃப் என்ற லைப்ரரி எல்ஜிபிஎல், எம்பிஎல் என்ற வேறு லைசென்ஸ்களில் கிடைக்கிறது, நிபந்தனைகள் இதைவிடத் தளர்வு. முதல் நாளே பார்த்திருந்தால் அரை நாள் வேலை. ஐம்பது கடைகளில் போட்ட பிறகு தெரிந்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

லைசென்ஸைவிட எனக்குப் பெரிய கவலை, லைப்ரரிக்குள்ளேயே கை வைப்பது. பில்லில் "கொல்லங்கோடு" என்று வர வேண்டும். பல பிடிஎஃப் லைப்ரரிகளுக்குத் தமிழ் எழுத்தைச் சேர்த்து அடுக்கத் தெரியாது. ககரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய ஒற்றைக்கொம்பு பின்னால் போய் நிற்கும். கடைக்காரர் பில்லைத் திருப்பிக் கொடுப்பார், அது அவர் ஊர்ப் பெயர் ஆயிற்றே. புதிதாகச் சேர்ந்த டெவலப்பர் ராத்திரி முழுக்க உட்கார்ந்து, லைப்ரரியின் கோடைத் திறந்து, கொம்பை இடம் மாற்றும் நாலு வரியை எழுதுவார். பில் சரியாகிவிடும், எல்லோருக்கும் சந்தோஷம். அந்த நாலு வரியைப் பற்றி எங்கும் குறிப்பு இருக்காது. லைப்ரரியின் பெயரும் வெர்ஷன் எண்ணும் முன்பு போலவே இருக்கும். அப்புறம் அவர் பெங்களூருக்குப் போய்விடுவார். ஒரு வருஷம் கழித்து அந்த லைப்ரரியில் பாதுகாப்பு ஓட்டை என்று செய்தி வரும். புது வெர்ஷனைப் போட்டால் கொம்பு மறுபடியும் பின்னால் போகும், போடாவிட்டால் ஓட்டை அப்படியே கிடக்கும். ஏன் இப்படி ஆகிறது என்று சொல்ல ஆபீஸில் ஒருவரும் இருக்க மாட்டார்.

தமிழ் எழுத்தை ஒழுங்காக அடுக்க ஹார்ஃப்பஸ் என்ற லைப்ரரி இருக்கிறது. குரோம் பிரவுசருக்கு அடிப்படையான குரோமியம் அதைத்தான் பயன்படுத்துகிறது. பில்லை வலைப்பக்கமாக அமைத்து அந்த பிரவுசர் வழியாக பிடிஎஃப் எடுத்தால் கொம்பு இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும். திருத்தித்தான் ஆக வேண்டும் என்றால், திருத்தத்தை அந்த லைப்ரரியைப் பராமரிப்பவர்களுக்கே அனுப்ப உங்கள் டெவலப்பருக்கு அனுமதி கொடுங்கள். அவர்கள் ஏற்றுக்கொண்டால், பிறகு அதை நீங்கள் சுமக்க வேண்டியதில்லை.

2021 டிசம்பரை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். லாக்4ஜே என்ற, சர்வரில் குறிப்பு எழுதிவைக்கும் லைப்ரரி. லாகின் பெட்டியில் ஒரு வரியைத் தட்டியே வெளியாள் சர்வரைக் கைப்பற்ற முடிந்தது. தீவிரத்துக்குப் பத்துக்குப் பத்து மதிப்பெண். திருத்தமும் ஒரே தடவையில் முடியவில்லை, 2.15, 2.16, 2.17 என்று அந்த ஒரே மாதத்தில் அடுத்தடுத்து வந்தன. பலர் அதை நேரடியாகச் சேர்க்கவே இல்லை, வேறொரு லைப்ரரியின் வால் பிடித்து உள்ளே வந்திருந்தது. பட்டியல் வைத்திருந்தவர்கள் தேடிப் பார்த்து வேலையைத் தொடங்கினார்கள். இல்லாதவர்கள் ஒவ்வொரு சர்வராகத் துழாவினார்கள்.

சரி, எப்போதும் புது வெர்ஷனையே போட்டுக்கொண்டிருந்தால் போதாதா? போதாது. 2024 மார்ச்சில், ஃபைல்களைச் சுருக்கும் எக்ஸ்இசட் லைப்ரரியின் 5.6.0, 5.6.1 ஆகிய புது வெர்ஷன்களிலேயே வெளியாள் நுழையக் கள்ளக் கதவு வைக்கப்பட்டிருந்தது தெரிந்தது. லாகின் அரை விநாடி தாமதமாவதைக் கவனித்த ஆன்ட்ரஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர்தான் கண்டுபிடித்தார். பழையதோ புதியதோ, நம்மிடம் எது இருக்கிறது என்பது நமக்குத் தெரிய வேண்டும்.

இதைக் கேட்கப் போவது நான் மட்டுமில்லை. இந்தப் பட்டியலை எப்படித் தயாரிப்பது என்று மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2024-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டுவிட்டது. பங்குச் சந்தை நிறுவனங்களிடம் அவற்றை ஒழுங்குபடுத்தும் செபி இதை எதிர்பார்க்கிறது. சைபர் தாக்குதல் நடந்தால் ஆறு மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற அதன் 2022 உத்தரவும் இருக்கிறது. எந்த லைப்ரரி உள்ளே இருக்கிறது என்று தேடவே இரண்டு நாள் ஆகும் ஆபீஸ், ஆறு மணி நேரத்தில் என்ன சொல்லும்?

பட்டியல் எடுக்கும் சிஃப்ட் போன்ற கருவிகளும் இலவசம்தான். ஓட்டினால் சில நிமிடங்களில், இத்தகைய பட்டியலுக்கென்றே உள்ள எஸ்பிடிஎக்ஸ் என்ற பொது வடிவத்தில் பட்டியல் வந்துவிடும். ஆனால் நான் சொன்ன அந்த நாலு வரித் திருத்தம் அதில் தெரியாது. பெயரையும் வெர்ஷனையும்தான் அது படிக்கும். எனவே "நாங்கள் மாற்றியது" என்று ஒரு கட்டம் போட்டு, யார், எதை, ஏன் மாற்றினார் என்பதைக் கையால் நிரப்பச் சொல்லுங்கள். கொட்டேஷனில் பராமரிப்புக்கு என்று தனியாக ஒரு தொகையும் காட்டுங்கள். எதற்கு என்று விளக்கிச் சொன்னால் நம் ஊர் வியாபாரிகள் கொடுப்பார்கள் என்றே நம்புகிறேன்.

அடுத்த டெலிவரிக்கு முன்னால் ஒரே ஒரு மென்பொருளில் இதைச் செய்து பாருங்கள். வரும் பட்டியலைப் படிப்பதில் சந்தேகம் இருந்தால், வேலை முடிந்து மாலையில் உங்கள் ஆபீஸுக்கே வந்து உங்கள் பிள்ளைகளோடு உட்காரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
நாகர்கோவிலில் மென்பொருள் சப்போர்ட் வேலை பார்க்கும் ஒருவர்