பழைய டாஸ் நிரலைத் தூக்கிப் போட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்ததால், கடைகளில் விண்டோஸ் 11 கணினிகள் வந்து இறங்குகின்றன. விண்டோஸுக்கு முந்தைய எழுத்துத் திரை இயங்குதளமான டாஸுக்காக, ஃபாக்ஸ்புரோ, கிளிப்பர் ஆகிய தரவுத்தள மொழிகளில் எழுதிய பழைய பில்லிங் நிரல் அதில் திறக்காவிட்டால், "காலம் போன நிரல், தூக்கிப் போடுங்கள்" என்று சொல்லிவிடுகிறார்கள். கோளாறு நிரலில் இல்லை.

எக்ஸ்பி வரை ஆல்ட்டையும் என்டரையும் சேர்த்து அழுத்தினால் டாஸ் நிரல் திரை முழுக்க விரியும். விஸ்டாவோடு வந்த புதுவகை டிஸ்ப்ளே டிரைவர் அதை நிறுத்தியது. 64 பிட் விண்டோஸிலோ 16 பிட் நிரலை ஓட்டும் பகுதியே கிடையாது. விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பும் இல்லை. எனவே பழைய விண்டோஸ் போல நடக்கச் சொல்லும் கம்பாட்டிபிலிட்டி பட்டியலில் விண்டோஸ் 95-ஐத் தேர்ந்தெடுத்துப் பார்ப்பது வீண் வேலை.

பழைய டாஸ் கணினியைப் போலவே நடிக்கும் டாஸ்பாக்ஸ் என்ற இலவச மென்பொருள் போதும். நிறுவியபின் ஸ்டார்ட் மெனுவில் அதன் ஆப்ஷன்ஸைத் திறந்தால் அமைப்புக் கோப்பு வரும். ஃபுல்ஸ்கிரீன் என்ற வரியை ட்ரூ ஆக்குங்கள். அதோடு நிறுத்துவதால்தான் பலருக்குப் படம் மங்கலாகவோ, நடுவில் சின்னதாகவோ தெரிகிறது. டாஸ் எழுத்துத் திரை 720×400 புள்ளிகள்; இன்றைய எல்சிடி திரைகள் பலவற்றுக்கு அந்த அளவு ஒத்துவராது. ஃபுல்ரெசொல்யூஷன் வரியில் டெஸ்க்டாப் என்றும், அவுட்புட் வரியில் சர்ஃபேஸுக்குப் பதில் ஓபன்ஜிஎல் என்றும் மாற்றுங்கள். ஆஸ்பெக்ட் வரியையும் ட்ரூ ஆக்கினால் எழுத்துகள் பக்கவாட்டில் இழுபடாது. 1920×1080 திரையில் படம் 1440 புள்ளி அகலத்தில் நிற்கும். இரு பக்கமும் கறுப்புப் பட்டை தெரிவது சரியே.

நிரல் ஆமை வேகத்தில் நகர்ந்தால், வேகத்தைத் தீர்மானிக்கும் சைக்கிள்ஸ் வரியைப் பாருங்கள். ஆட்டோ என்று இருந்தால் இவ்வகை நிரல்களுக்கு 3000 மட்டுமே கிடைக்கும். 20000 வைத்துப் பாருங்கள். கோப்பின் கடைசியில் ஆட்டோஎக்ஸெக் பகுதியில், ஒரு ஃபோல்டரை டாஸ்பாக்ஸுக்கு டிரைவாகக் காட்டும் மவுண்ட் கட்டளையையும் நிரலின் பெயரையும் எழுதிவிட்டால், ஐகானைத் தட்டியதும் பில் திரை வந்துவிடும். சி டிரைவ் முழுவதையும் மவுண்ட் செய்யாமல், நிரல் உள்ள ஃபோல்டரை மட்டும் கொடுங்கள்.

கன்ட்ரோல்-எஃப்9 விஷயத்தில் மிகுந்த கவனம் வேண்டும். அதை அழுத்தினால் டாஸ்பாக்ஸ் எதுவும் கேட்காமல் உடனே மூடிவிடும். பில் பதியும் நேரத்தில் அப்படி நடந்தால், பதிவுகளைத் தேட உதவும் இண்டெக்ஸ் கோப்பு கெடலாம். கணக்குகள் இருக்கும் டிபிஎஃப் கோப்பிலும் பதிவுகள் போகலாம். நிரலே அந்த விசையைப் பயன்படுத்துமானால், கன்ட்ரோல்-எஃப்1 அழுத்தி வரும் பலகையில் மூடும் விசையை முதலில் மாற்றிவிடுங்கள்.

இரண்டு கவுண்டர்கள் ஒரே கணக்கை ஒரே நேரத்தில் திறக்கும் கடைகளுக்கு சாதாரண டாஸ்பாக்ஸ் ஆகாது. ஒருவர் எழுதும்போது மற்றவரைத் தடுக்கும் பதிவுப் பூட்டு அதில் இல்லை. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கு நேரடியாக அச்சு அனுப்பவும் அதில் வழியில்லை. அங்கெல்லாம் டாஸ்பாக்ஸிலிருந்து பிறந்த விடாஸ் அல்லது டாஸ்பாக்ஸ்-எக்ஸ் மென்பொருள் பொருந்தும். எதுவானாலும் டேட்டா ஃபோல்டரைப் பென் டிரைவில் நகல் எடுத்து, அந்த நகலில் ஓட்டிப் பார்த்து, பில் ஒழுங்காக அச்சாகும் வரை பழைய கணினியை விற்றுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
கணினிப் பராமரிப்பாளர் ஒருவர்,
மதுரை.