மினாக்ஸிடிலை நிறுத்தியதும் கொட்டும் முடி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முடி வளரத் தலையில் தடவும் மினாக்ஸிடில் மருந்தை நிறுத்தியபின் சீப்பில் கொத்தாக முடி வந்தால், மருந்து வேரையே கெடுத்துவிட்டதாகப் பலர் பதறுகிறார்கள். அப்படியில்லை. மருந்தின் தயவில் வளர்ச்சிப் பருவத்தில் நீடித்த முடிகள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய் உதிர்கின்றன. மருந்தால் கிடைத்த பலன் 3, 4 மாதங்களில் கரைந்துவிடும். அதற்குள் பரம்பரை வழுக்கையும் உள்ளுக்குள் முன்னேறியிருக்கும் என்பதால் இழப்பு பெரிதாகத் தெரிகிறது.

பயத்தில் இரட்டிப்பாகத் தடவுவது வீண். ஆண்களுக்கு 5 சதவீதக் கரைசல் வேளைக்கு 1 மில்லி, தினம் இருவேளை, ஈரமில்லாத உச்சந்தலையில். அதை மீறினால் அரிப்பும் படபடப்பும்தான் மிச்சம். மீண்டும் தொடங்கினால் முதல் சில வாரங்கள் இன்னும் கொட்டலாம். அப்போதுதான் பாதிப்பேர் பாட்டிலைத் தூக்கிப்போடுகிறார்கள்! 4 மாதமாவது பொறுக்க வேண்டும். வெங்காயச்சாறு இதற்கு மாற்றாகாது. 6 மாதம் தாண்டியும் உதிர்வு அடங்காவிட்டால் ஃபெர்ரிட்டின் (உடலில் சேமிப்பிலுள்ள இரும்புச்சத்தைக் காட்டும் அளவு), தைராய்டு பரிசோதனையோடு தோல் மருத்துவரைப் பாருங்கள்.

– ஒரு மருந்தாளுநர், திருச்சி