தாமிரபரணிக் கரையில் எங்களுக்கு வழிவிட்டவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். கடந்த தை மாதத்தில் நான்கு நாட்கள், பாபநாசம் படித்துறையிலிருந்து புன்னைக்காயல் வரை, தாமிரபரணியின் கரைகளையும் அதன் கால்வாய்க் கரைகளையும் பற்றிக்கொண்டு மிதிவண்டியில் சென்ற ஒன்பது பேரின் சார்பாக இம்மடலை எழுதுகிறேன். எங்களில் மூத்தவருக்கு வயது 67. இளையவள் கல்லூரியில் முதலாண்டு படிக்கும் என் தம்பி மகள். பேருந்தும் லாரியும் ஓடும் சாலைகளை எவ்வளவு தவிர்க்க முடியுமோ அவ்வளவு தவிர்த்து ஆற்றை முழுவதுமாகப் பார்த்துவிட வேண்டும் என்பது எங்கள் நெடுநாள் ஆசை. அது நிறைவேறியதற்கு வழிநெடுகக் கைகொடுத்தவர்களே காரணம். அவர்களில் பலருடைய பெயரைக்கூட நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை என்பதால், ஊரறிய எழுதுவதே முறை என்று தோன்றியது.

பிரான்சில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், லுவார் ஆற்றையொட்டி ஏறத்தாழ 900 கிலோமீட்டர் நீளத்துக்கு மிதிவண்டிக்காரர்களுக்கென்று வகுத்துள்ள வழியில், பழைய அரண்மனைகளையும் திராட்சைத் தோட்டங்களையும் பார்த்துக்கொண்டு சென்றதை எங்களிடம் விவரித்ததுதான் தொடக்கம். அந்த வழியில் திருப்பத்துக்குத் திருப்பம் வழிகாட்டிப் பலகை உண்டாம். நம் ஆற்றில் பலகை இல்லை. ஆனால் கரை இருக்கிறது. பொதிகையில் பிறந்து கடலில் சேரும் வரை ஏறத்தாழ 125 கிலோமீட்டரே ஓடும் தாமிரபரணியின் குறுக்கே, கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை 8 அணைக்கட்டுகளும், அவற்றிலிருந்து பிரியும் 11 கால்வாய்களும் உள்ளன. அந்தக் கால்வாய்களின் கரைகளில், இரண்டு சக்கரத் தடங்களும் நடுவில் புல்லுமாக, மாட்டுவண்டி போன வழி இன்றும் பல இடங்களில் அப்படியே கிடக்கிறது.

முதல் நன்றி, கல்லிடைக்குறிச்சிப் பக்கத்தில் நாங்கள் சந்தித்த லஸ்கர் அண்ணாச்சிக்கு. மதகுகளைத் திறந்து மூடுவதும், கரையில் எங்காவது கசிவு உண்டா என்று நடந்தே பார்ப்பதும் அவர் வேலை. எங்கள் கைப்பேசி வரைபடம் கால்வாயை ஒரு நீலக்கோடாகக் காட்டியதே தவிர, எந்தக் கரையில் வண்டி போகும், எந்தக் கரையை உடைமரம் அடைத்துக் கிடக்கிறது என்பதைச் சொல்லவில்லை. அண்ணாச்சி நாட்காட்டித் தாள் ஒன்றின் பின்புறத்தில் கன்னடியன் கால்வாயை வரைந்து, மடைக்கு மடை ஒரு குறுக்குக் கோடு போட்டு, ‘இங்கே இடக்கரை’, ‘இங்கே பாலம் இல்லை, இறங்கித் தள்ளவும்’ என்று எழுதிக் கொடுத்தார். தண்ணீர் தானாகவே ஓடிப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக நிலத்தின் சரிவை மிக மெதுவாக வாங்கிக்கொண்டு போகும்படி வெட்டிய கால்வாய் இது என்றும், அதனால் கரையில் மிதிப்பவர்களுக்கு மேடேறி மூச்சு வாங்கும் வேலையே இராது என்றும் அவர் சொன்னது முற்றிலும் உண்மையாயிற்று. அந்தத் தாள் மடித்த இடத்தில் கிழிந்துவிட்டது; ஒட்டிப் பாதுகாத்து வைத்திருக்கிறோம்.

வீரவநல்லூர் அருகே வரப்பில் அமர்ந்திருந்த பெரியவர், அதே கால்வாயின் கதையை எங்களுக்குச் சொன்னார். கன்னட நாட்டிலிருந்து வந்த பிரம்மச்சாரி ஒருவர், தமக்குக் கிடைத்த பொன்னைக் கொண்டு அறம் செய்ய விரும்பியபோது, அகத்தியர் ஒரு பசுவைப் பின்தொடரச் சொன்னார் என்றும், பசு போன தடத்தில் கால்வாயும், அது படுத்த இடத்தில் குளமும் அமைந்தன என்றும் அவர் கூறினார். வரலாறு வேறாக இருக்கலாம். ஆனால் வயல்களைச் சுற்றி வளைந்து வளைந்து போகும் அந்தக் கரையில் ஒரு முற்பகல் முழுவதும் மிதித்த பிறகு, இது அளவுகோல் வைத்து நேராக இழுத்த கோடு அல்ல, நிலத்தின் போக்கை அறிந்த ஓர் உயிர் நடந்த தடம் என்று எங்களுக்கும் பட்டது. பிசானம் என்னும் பின்பருவ நெல் கதிர் வாங்கி நின்ற நேரம் அது.

அங்கிருந்து கிளைவழியில் திருப்புடைமருதூருக்குச் சென்றோம். கடனாநதி தாமிரபரணியில் கலக்கும் இந்த ஊர் 2005 முதல் பறவைகள் காப்பகமாக இருக்கிறது. ஊருக்குள் நுழையும்போதே ஒரு தாய், மரங்களில் கூடு இருக்கிறது, மணியடிக்காமல் வாருங்கள் என்று கேட்டுக்கொண்டார். நாரைகளும் கொக்குகளும் தங்கிய மருத மரங்களுக்கடியில் ஒன்பது வண்டிகளையும் தள்ளிக்கொண்டு ஓசையின்றி நடந்த அந்த அரைமணி நேரத்துக்காக, அந்த அம்மாவுக்கும் ஊராருக்கும் நன்றி.

இரண்டாம் நாள் சேரன்மகாதேவியிலிருந்து பாளையங்கால் கரையைப் பிடித்தோம். மேலப்பாளையத்தை நெருங்க நெருங்கக் கால்வாயின் நிலை எங்களைக் கலங்க வைத்தது. மேலே வயல்களுக்கிடையில் நாங்கள் முகம் கழுவிய அதே நீர், இங்கே சாக்கடையையும் பிளாஸ்டிக் பைகளையும் சுமந்து கறுத்து ஓடியது. இதைச் சொல்லாமல் விட்டால் இந்த மடல் பாதி உண்மையாகிவிடும். அன்று மாலை இருட்டில் கரையோரக் கல் ஒன்றில் மோதி ஒரு வண்டியின் ரிம் வளைந்தபோது, கடையைப் பூட்டிக்கொண்டிருந்த சைக்கிள் கடைக்காரர் ஒருவர் மீண்டும் திறந்து, கம்பி கம்பியாக முடுக்கிக் கோட்டம் எடுத்துக் கொடுத்ததோடு, உடைமுள் ஏறிப் பஞ்சரான மூன்று டியூப்களையும் ஒட்டிக் கொடுத்தார். கூலியை நீட்டியபோது, “வாய்க்காலப் பாக்கணும்னு இவ்வளவு தூரம் வந்திருக்கிய, உங்ககிட்ட என்னத்த வாங்க” என்று மறுத்துவிட்டார். அண்ணாச்சி, நீங்கள் வாங்க மறுத்த தொகைக்கு டியூப்களும் ஒட்டுப்பசையும் வாங்கி வைத்திருக்கிறோம். அடுத்து இந்தக் கரையில் வரும் மாணவர்களுக்கு அவை சேரும்.

மூன்றாம் நாள், சிற்றாறு வந்து சேரும் சீவலப்பேரியையும் முறப்பநாட்டையும் கடந்து மருதூர் அணைக்கட்டை அடைந்தோம். 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் பெய்த பெருமழை, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவான அந்த மழை, இந்தப் பகுதியை எவ்வளவு உருக்குலைத்தது என்பதை ஆற்றங்கரைக்காரர்கள் நாட்கணக்கு மாறாமல் சொல்கிறார்கள். உடைந்த கரைகளைப் புதுமண் கொட்டி அடைத்த இடங்களில் சக்கரம் புதையும் என்று முன்னரே எச்சரித்து, அத்தகைய ஓரிடத்தில் எங்கள் சுமைகளைத் தம் டிராக்டரில் ஏற்றி அப்பால் இறக்கிக் கொடுத்த விவசாயிக்கும் அவர் மகனுக்கும் நாங்கள் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறோம். வெள்ளத்தில் தம் நெற்பயிரையெல்லாம் இழந்தவர் அவர் என்பது விடைபெறும்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

ஆதிச்சநல்லூரில், 1876இல் ஜெர்மானிய ஆய்வாளர் ஜாகோரும் பின்னர் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீயும் அகழ்ந்த பழங்கால இடுகாட்டுப் பறம்பின் ஓரத்தில் நின்ற காவலர், வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு நடந்து வரும்படி சொன்னார். காலடியில் இன்னும் ஈமத்தாழிகள் இருக்கின்றன, மேலே எதுவும் உருளக் கூடாது என்றார். மோட்டார் வண்டி இல்லாத வழியைத் தேடிப் புறப்பட்டவர்கள் நாங்கள். எங்கள் சக்கரமும் போகக் கூடாத இடம் ஒன்று உண்டு என்பதை அவர் சொல்லித்தான் உணர்ந்தோம். அவருக்குத் தனியாக ஒரு வணக்கம்.

அன்றிரவு ஸ்ரீவைகுண்டத்தில் எங்களுக்குத் திண்ணை கொடுத்த குடும்பத்தாருக்கும், நத்தம், திருப்புளிங்குடி கோயில்களில் நடை சாத்தும் நேரமாகியும் எங்களுக்காகச் சற்றுப் பொறுத்திருந்த அர்ச்சகர்களுக்கும் நன்றி. நம்மாழ்வார் பாடிய திருப்பதிகள் ஒன்பதில் இவை கால்வாய்க் கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருப்பதை, பேருந்தில் வந்து போன இத்தனை ஆண்டுகளில் நான் கவனித்ததே இல்லை.

எங்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு, உதவியவர்கள் சார்பாகச் சில சொற்கள். கால்வாய்க் கரை பாசனத்துக்காக உள்ளது. மதகடியில் வேலை நடந்தால் காத்திருங்கள். மாசி, பங்குனியில் அறுவடை இயந்திரமும் வைக்கோல் வண்டியும் கரையை நிறைக்கும் என்பதால் அப்போது செல்ல வேண்டாம். சென்றால் இறங்கி ஒதுங்கி நில்லுங்கள். ஆடுமாடுகளுக்குப் பின்னால் மணியடிக்காதீர்கள். அகன்ற டயரும் மாற்று டியூபும் இல்லாமல் புறப்படாதீர்கள். எதைக் கொண்டுசென்றாலும் அதன் உறையைத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள்.

கடைசி நாள் காலையில், ஏரலுக்கு அருகே வாழைத்தோப்பு ஓரத்தில் குடியிருக்கும் ஓர் ஆச்சி, பனங்கிழங்கு அவித்துக் கொடுத்து, வழியில் குடிக்கச் சுக்குக் காப்பியையும் ஒரு தூக்குவாளியில் ஊற்றிக் கொடுத்தார். ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால்களைத் தாண்டி, உப்புக் காற்று முகத்தில் அடிக்கத் தொடங்கிய இடத்தில் அதைப் பகிர்ந்து குடித்தோம். திரும்பும்போது தந்துவிடுவதாகச் சொல்லியிருந்தோம். ஆனால் புன்னைக்காயலில் பொழுது சாய்ந்துவிட்டதால் வேனில் வண்டிகளை ஏற்றிக்கொண்டு வேறு வழியாக ஊர் திரும்பினோம். ஆச்சி, உங்கள் தூக்குவாளி எங்களிடம் பத்திரமாக இருக்கிறது. அறுப்பு முடிந்து கரை ஓய்ந்ததும், வந்த வழியாகவே மிதித்து வந்து உங்கள் கையில் கொடுக்கிறோம்.

நன்றியுடன்,
ஒன்பது பேரின் சார்பாக,
பாளையங்கோட்டையிலிருந்து