தூக்க மாத்திரைக்கு முன் எடை பாருங்கள்

சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் (இயந்திரத்தால் கழிவையும் மிகுதி நீரையும் நீக்குவது) செய்துகொள்ளும் வாடிக்கையாளர்களுக்கும் வீட்டாருக்கும் வணக்கம்.

டாக்டர் சீட்டில்லாமல் தூக்க மாத்திரை தருவதில்லை என்று சிலருக்கு மருந்துக்கடைக்காரர்களான எங்கள்மேல் வருத்தம். சட்டம் ஒரு காரணம். இன்னொன்று, உங்களில் பலருடைய தூக்கத்தைக் கெடுப்பது உடம்பில் தேங்கும் தண்ணீர்.

பகலில் காலில் இறங்கி நிற்கும் நீர், படுத்ததும் மார்புக்கும் கழுத்துக்கும் ஏறும். தொண்டையைச் சுற்றி நீர் கோத்தால் மூச்சுவழி குறுகிக் குறட்டை வரும். நடுநடுவே மூச்சு நின்று, திணறி விழிப்பீர்கள். இதற்குமேல் தூக்க மாத்திரையும் போட்டால் தொண்டைத் தசை இன்னும் தளரும். கனடாவின் டொராண்டோவிலிருந்து 2001இல் வந்த ஆய்வில், வழக்கமான டயாலிசிசிலிருந்து இரவு நெடுக நடக்கும் டயாலிசிசுக்கு மாறியவர்களுக்கு, மூச்சுத் தடை மணிக்குச் சராசரி 25 தடவையிலிருந்து 8ஆக இறங்கியது. கழிவும் கூடுதலாக வெளியேறியது. எனவே முழுப் பெருமையும் தண்ணீர் குறைந்ததற்கு இல்லை.

டிரை வெயிட், அதாவது மிகுதி நீர் இல்லாத எடை, 60 கிலோ என்றால், இரண்டு டயாலிசிசுக்கு நடுவே 2.4 கிலோவுக்குள் ஏறுவது நல்லது. ஒரு லிட்டர் ஒரு கிலோ. நான்கு கிலோ ஏறினால் நான்கு மணி நேரத்தில் மணிக்கு ஒரு லிட்டர் இழுக்க வேண்டும். ஆனால் எடையில் கிலோவுக்கு மணிக்கு 13 மில்லி என்ற கணக்கில், 60 கிலோவுக்கு மணிக்கு 780 மில்லிதான் எல்லை. மீறினால் பிரஷர் இறங்கும், கால் இழுத்துப் பிடிக்கும், மிச்சத் தண்ணீரோடு வீடு திரும்புவீர்கள்.

பொதுவாக, ஒரு நாள் போகும் சிறுநீரின் அளவோடு 500 மில்லி சேர்த்துக் குடிக்கலாம். உங்கள் அளவை டாக்டர் சொல்வார். அதைக் காலையிலேயே பாட்டிலில் நிரப்புங்கள். காபி, ரசம், மோர், கஞ்சி எதைக் குடித்தாலும் அதே அளவைப் பாட்டிலிலிருந்து கொட்டிவிடுங்கள்.

உப்பைக் குறைக்காமல் தாகத்தோடு மல்லுக்கட்டுவது வீண். உடம்பில் தங்கும் 8 கிராம் உப்பு சுமார் ஒரு லிட்டர் நீரைப் பிடித்துவைக்கும். நாளுக்கு மொத்தம் 5 கிராமுக்குள், அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூனுக்குள், இருக்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, ஹோட்டல் சாம்பார் எல்லாம் அதற்குள் அடக்கம். சோடியம் குறைந்த உப்புப் பாக்கெட்டை மட்டும் கேட்காதீர்கள். அதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயமே நின்றுவிடலாம். சர்க்கரை ஏறிக் கிடந்தாலும் தாகம் அடங்காது.

எடை ஏறவே இல்லை, ஆனாலும் படுக்க முடியவில்லை என்பவர்கள் கவனியுங்கள். சாப்பாடு குறைந்து சதை கரைந்திருந்தால், அந்த இடத்தில் தண்ணீர் நிரம்பியும் தராசு பழைய எண்ணையே காட்டும். டிரை வெயிட்டைத் திருத்தச் சொல்லிக் கேளுங்கள்.

படுத்ததும் காலை ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றுவது வேறு கதை. இரும்புச்சத்தைப் பார்க்க வேண்டும். சளிக்கு வாங்கும் தூக்கம் தரும் மாத்திரைகள் சில அதைக் கூட்டிவிடும்.

உட்கார்ந்தால்தான் மூச்சு விட முடிகிறது என்றால் அடுத்த முறைக்குக் காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது ஒரு வார எடைக் குறிப்பு கையில் இருக்கட்டும்: ஒரே தராசு, காலையில் கழிப்பறை போய்வந்த பிறகு, ஒரே மாதிரி உடை.

இப்படிக்கு,
உங்கள் மருந்துக்கடையினர்